ட்ரைகிளிசரைடு ஏறினால் எச்டிஎல் ஏன் இறங்குகிறது?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது. வயது 38. அப்பாவுக்கு 52 வயதில் பைபாஸ். பட்டினியில் எடுத்த லேப் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 198, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் 34, ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240, 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் 116. டாக்டர் எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். "எண்ணெய்ப் பலகாரம் தொடுவதே இல்லை, எனக்கு எப்படி ட்ரைகிளிசரைடு 240? நல்ல கொலஸ்ட்ரால்தானே குறைவு, அதை ஏற்ற மருந்து தராமல் அளவோடு இருக்கும் எல்டிஎல்லைக் குறைக்க எதற்கு மாத்திரை? 33 வயதுத் தம்பியும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?" என்று மூன்று கேள்விகள்.

முதல் இரண்டும் உண்மையில் ஒரே கேள்வி. ட்ரைகிளிசரைடு ஏறியதும் எச்டிஎல் இறங்கியதும் தற்செயலாக ஒரே தாளில் வந்து விழுந்த இரண்டு கோளாறுகள் அல்ல. ஒன்று ஏறியதால்தான் மற்றது இறங்கியது. ரத்தத்துக்குள் ஓயாமல் நடக்கும் ஒரு பண்டமாற்று அதற்குக் காரணம். அது புரிந்தால், டாக்டர் எச்டிஎல்லை விட்டுவிட்டு வேறொன்றைக் குறிவைப்பது ஏன் என்பதும் புரிந்துவிடும். நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்து, அங்கேயே பரிசோதனைக் கூடத்தையும் 26 வருடம் பார்த்துக்கொண்டவன். இதய நோய் மருத்துவன் அல்ல. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதில் உங்களை நேரில் பார்த்த டாக்டரின் சொல்தான் செல்லும். அந்த எண்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை நான் சொல்ல முடியும்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். அதில் கொழுப்பு பயணம் போக வேண்டுமென்றால் ஓர் உறை வேண்டும். அந்த உறையோடு கூடிய நுண்ணிய உருண்டைதான் லிப்போபுரோட்டீன். உருண்டைக்குள் தண்ணீரோடு சேரவே சேராத இரண்டு சரக்குகள் இருக்கும்: ட்ரைகிளிசரைடு, கொலஸ்ட்ரால் எஸ்டர். ட்ரைகிளிசரைடு எரிபொருள், தாளிக்க ஊற்றும் நல்லெண்ணெயும் வேதியியல்படி அதுதான். கொலஸ்ட்ரால் எஸ்டர் என்பது கொலஸ்ட்ராலோடு ஒரு கொழுப்பு அமிலத்தைக் கோத்து, உள்ளே அடைத்து வைக்க ஏற்றபடி ஆக்கிய வடிவம். வெளியே பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகளின் ஓரடுக்குப் போர்வை. அதில் பதிந்திருப்பவை அப்போபுரோட்டீன் என்ற புரதங்கள். ஓர் உருண்டை எங்கே நிற்கும், யார் அதிலிருந்து சரக்கை இறக்குவார்கள், எந்த உறுப்பு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் இந்தப் புரதங்களைப் பொறுத்தது. நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால் என்ற பேச்சை என் வகுப்பில் நான் அனுமதித்ததில்லை. எச்டிஎல்லில் இருந்தாலும் எல்டிஎல்லில் இருந்தாலும் கொலஸ்ட்ரால் ஒரே மூலக்கூறு. ஏறி வந்த வண்டிதான் வேறு.

நாம் சாப்பிட்ட கொழுப்பு சிறுகுடலில் செரித்து, குடல் சுவரின் செல்லுக்குள் போய் மறுபடி ட்ரைகிளிசரைடாகச் சேர்கிறது. அங்கே அப்போபி-48 என்ற புரதத்தைக் கொண்டு கைலோமைக்ரான் என்ற பெரிய உருண்டை உருவாகிறது. அது நேரே ரத்தத்தில் இறங்காது. நிணநீர்க் குழாய் வழியாக மார்பைக் கடந்து, இடது காறையெலும்புக்கு அடியில் உள்ள சிரையில் வந்து கலக்கும். விருந்து முடித்து மூன்று மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தவரின் குழாயைச் சுழற்றி எடுத்தால், மேலே நிற்கும் சீரம் மோர் போல வெளுத்திருக்கும். அதை ஓர் இரவு ஃபிரிட்ஜில் அசைக்காமல் வைத்தால் காலையில் மேலே ஆடை படிந்திருக்கும். அந்த ஆடைதான் கைலோமைக்ரான். ஆடைக்குக் கீழேயும் தெளியாமல் கலங்கலாகவே இருந்தால் அது விஎல்டிஎல், அதாவது கல்லீரல் கட்டி அனுப்பிய உருண்டை. எந்த இயந்திரமும் வேண்டாத பழைய சோதனை இது. என் மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று விரும்பினேன். குடலில் இருந்து வந்தது ஒன்று, கல்லீரலில் இருந்து வந்தது இன்னொன்று என்பது அதன் பிறகு மறக்காது.

உங்கள் முதல் கேள்விக்கு விடை அந்தக் கலங்கலில் இருக்கிறது. 12 மணி நேரப் பட்டினிக்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் கைலோமைக்ரான் அநேகமாக மிஞ்சாது. ஆகவே உங்கள் 240-இல் பெரும்பகுதி முந்தின நாள் சாப்பிட்ட எண்ணெய் அல்ல, உங்கள் கல்லீரலே தயாரித்தது. கல்லீரல் பயன்படுத்தும் புரதம் அப்போபி-100. 4,536 அமினோ அமிலங்கள் கொண்ட, நம் உடலின் மிகப் பெரிய புரதங்களில் ஒன்று. அது நீண்டு வளரும்போதே எம்டிபி என்ற இன்னொரு புரதம் அதன்மேல் கொழுப்பை ஏற்றுகிறது. ஏற்றக் கொழுப்பு இல்லையென்றால் அப்போபி செல்லுக்குள்ளேயே சிதைக்கப்பட்டுவிடும். கொழுப்பு கொட்டிக் கிடந்தால் பிழைத்துக்கொண்டு விஎல்டிஎல்லாக வெளியேறும். எம்டிபி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உண்டு, மிக அரிது. அவர்கள் ரத்தத்தில் கைலோமைக்ரான், விஎல்டிஎல், எல்டிஎல் மூன்றுமே கிட்டத்தட்ட இருக்காது. வைட்டமின் இ உடலுக்குள் போய்ச் சேர வழியில்லாமல் நரம்பு கெடும். இந்த ஒரு படிதான் மற்ற எல்லாவற்றுக்கும் வாசல் என்பதை அந்தக் குழந்தைகள் காட்டுகிறார்கள்.

சரி, கல்லீரலுக்கு அந்தக் கொழுப்பு எங்கிருந்து கிடைக்கிறது? கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களிடம் அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொடுத்துத் தடம் பிடித்த ஓர் ஆய்வு 2005-இல் வந்தது. கல்லீரலில் இருந்த ட்ரைகிளிசரைடில் சுமார் 59% உடலின் கொழுப்புத் திசுவில் இருந்து கசிந்து வந்தது. 26% மாவுச்சத்தில் இருந்தும் சர்க்கரையில் இருந்தும் கல்லீரலே புதிதாகச் செய்தது. உணவுக் கொழுப்பில் இருந்து நேராக வந்தது 15%தான். உங்கள் கல்லீரலில் இதே விகிதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணெயை நிறுத்தியும் ட்ரைகிளிசரைடு இறங்காதது ஏன் என்று திகைப்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. கொழுப்பு செல்களைத் திறக்கவிடாமல் மூடி வைப்பதும், சாப்பிட்ட நேரத்தில் விஎல்டிஎல்லை அனுப்பாதே என்று கல்லீரலை அடக்குவதும் இன்சுலினின் வேலை. வயிற்றுச் சதை கூடி இன்சுலின் சொல் எடுபடாமல் போகும்போது இந்த இரண்டு கட்டளைகளும் தளர்கின்றன. சர்க்கரையைக் கொழுப்பாக மாற்று என்ற கட்டளை மட்டும் தளராமல் இருப்பது போலத் தெரிகிறது. ஏன் அப்படி என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒரு முடிவு வரவில்லை. காலையில் இட்லி, மதியம் குவித்த சோறு, இரவு தோசை, இடையில் சர்க்கரை போட்ட டீ நான்கு என்பது ஒருவரின் நாளாக இருந்தால், எண்ணெய்ச் சட்டியைத் தொடாமலே அவர் கல்லீரலுக்குத் தேவையான எல்லாம் கிடைத்துவிடுகிறது.

வெளியே வந்த விஎல்டிஎல் தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள மிக மெல்லிய ரத்தக்குழாய்களுக்குப் போகிறது. அந்தக் குழாய்களின் உட்சுவரில் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி காத்திருக்கும். அது உருண்டையின் ட்ரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கித் திசுவுக்குக் கொடுக்கும். உருண்டையின் மேல் இருக்கும் அப்போசி-2 இந்த நொதியை முடுக்கும், அப்போசி-3 தடுக்கும். சரக்கு இறங்க இறங்க உருண்டை சுருங்கி, கடைசியில் கொலஸ்ட்ரால் எஸ்டரும் ஓர் அப்போபி-100-உம் மட்டும் மிஞ்சிய எல்டிஎல் ஆகிறது. எல்டிஎல் தனியாகப் பிறப்பதில்லை, பெரும்பாலும் விஎல்டிஎல் கரைந்து மிஞ்சியதே எல்டிஎல். விஎல்டிஎல் சில மணி நேரத்தில் கழிந்துவிடும். எல்டிஎல் இரண்டு மூன்று நாள் சுற்றும். பிறகு கல்லீரலின் எல்டிஎல் ஏற்பி அதன் அப்போபியைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாட்டின் மாத்திரை வேலை செய்வதும் இங்கேதான்: கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது, செல் அந்தக் குறையை ஈடுகட்ட வெளியே அதிக ஏற்பிகளை நீட்டி ரத்தத்தில் உள்ள உருண்டைகளைப் பிடித்து இழுக்கிறது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். விஎல்டிஎல் ஆக இருந்தாலும் எல்டிஎல் ஆக இருந்தாலும் ஓர் உருண்டையில் ஒரே ஓர் அப்போபி. மற்றப் புரதங்கள் உருண்டைக்கு உருண்டை தாவும். அப்போபி பிறந்ததில் இருந்து அழியும் வரை இடம் மாறாது. ஆகவே அப்போபியை அளந்தால் இந்தக் குடும்பத்து உருண்டைகளின் தலைகளை எண்ணியது போல.

எச்டிஎல்லின் பிறப்பு வேறு வழி. கல்லீரலும் குடலும் அப்போஏ-1 என்ற புரதத்தை ஏறத்தாழ வெறுமையாகவே வெளியே விடுகின்றன. அது செல்களின் மேல் உள்ள ஏபிசிஏ-1 என்ற வாயிலில் இருந்து கொலஸ்ட்ராலையும் பாஸ்போலிப்பிடையும் வாங்கித் தட்டை வட்டாக ஆகிறது. எல்கேட் என்ற நொதி கொலஸ்ட்ராலை எஸ்டராக்கி உள்ளே தள்ளத் தள்ள வட்டு உப்பி உருண்டையாகிறது. அந்த வாயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1961-இல் டொனால்டு ஃபிரெட்ரிக்சன் கண்டார். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் உள்ள டாஞ்சியர் தீவைச் சேர்ந்த ஒரு சிறுவனின் தொண்டைச் சதை ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தது. வெளியேற முடியாத கொலஸ்ட்ரால் அங்கே தேங்கியிருந்தது. ரத்தத்தில் எச்டிஎல் அறவே இல்லை என்னும் அளவு. கோளாறு ஏபிசிஏ-1 மரபணுவில் என்று 1999-இல் உறுதியானது.

இனி அந்தப் பண்டமாற்று. ரத்தத்தில் சிஇடிபி என்ற புரதம் சுற்றுகிறது. அதன் முழுவேலை உருண்டைகளுக்கு இடையே சரக்கை மாற்றுவது. ட்ரைகிளிசரைடு நிறைந்த விஎல்டிஎல்லில் இருந்து ட்ரைகிளிசரைடை எடுத்து எச்டிஎல்லுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக எச்டிஎல்லின் கொலஸ்ட்ரால் எஸ்டரை விஎல்டிஎல்லுக்குக் கொண்டுபோகும். உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய காலத்துச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு வண்டிகள் நாலு வந்த நாளில் ஒரு மாதிரி, நாற்பது வந்த நாளில் வேறு மாதிரி. உங்கள் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு சுமந்த வண்டிகள் அதிகம் வந்துவிட்டன. மாற்று மும்முரமாக நடக்கிறது. எச்டிஎல் தன் கொலஸ்ட்ராலை இழந்து ட்ரைகிளிசரைடால் நிரம்புகிறது. கதை அத்தோடு நிற்கவில்லை. கல்லீரல் லைப்பேஸ் என்ற நொதி எச்டிஎல்லுக்குள் புகுந்த ட்ரைகிளிசரைடை உடைத்து எடுத்துவிடும். உள்சரக்கு போன எச்டிஎல் சுருங்கும், அதன்மேல் இருந்த அப்போஏ-1 கழன்று விழும், சிறுநீரகம் அதை வடித்துச் சிதைத்துவிடும். ஆக இழப்பு இரண்டு: ஒவ்வொரு எச்டிஎல்லிலும் கொலஸ்ட்ரால் குறைவு, எச்டிஎல்களின் எண்ணிக்கையும் குறைவு. லேப்பில் நாங்கள் 'எச்டிஎல்' என்று எழுதிக் கொடுப்பது எச்டிஎல்லுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் அளவைத்தான். உங்கள் 34 என்ற எண் பெருமளவுக்கு அந்த 240-இன் நிழல்.

எலிக்கும் சுண்டெலிக்கும் இந்தப் பண்டமாற்று இயல்பிலேயே மிகக் குறைவு, சுண்டெலியிடம் சிஇடிபி கிடையாது. அதன் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்டிஎல்லில்தான் இருக்கும். மரபணுவை மாற்றாமல் அதன் தமனிகளில் கொழுப்பு படிய வைப்பது கடினம். முயலுக்கு சிஇடிபி ஏராளம். 1913-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் அனிச்கோவ் கொலஸ்ட்ரால் ஊட்டி முயல்களின் தமனிகளில் படிவை உண்டாக்கிக் காட்டினார். அந்தக் காலத்தில் எலியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. எந்த விலங்கில் பார்த்தோம் என்று கேட்காமல் எந்த ஆய்வையும் மனிதனுக்குப் பொருத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே பண்டமாற்று எல்டிஎல்லிலும் நடக்கிறது, உங்களுக்கு முக்கியமானது அதுதான். எல்டிஎல்லும் தன் கொலஸ்ட்ரால் எஸ்டரில் கொஞ்சத்தைக் கொடுத்து ட்ரைகிளிசரைடை வாங்கும். கல்லீரல் லைப்பேஸ் அதை உடைக்கும். எல்டிஎல் சிறுத்து அடர்ந்துபோகும். ஒவ்வொன்றிலும் இப்போது கொலஸ்ட்ரால் குறைவு. ஆகவே அதே அளவு கொலஸ்ட்ராலைச் சுமக்க அதிக உருண்டைகள். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 116 சரக்கின் எடை, வண்டிகளின் எண்ணிக்கை அல்ல. ட்ரைகிளிசரைடு 90 இருக்கும் ஒருவரின் 116-உம் உங்கள் 116-உம் தாளில் ஒன்றாகத் தெரியும். ரத்தத்தில் உங்களிடம் வண்டிகள் அதிகமாக இருக்கவே வாய்ப்பு.

அந்த 116-ஐ யாரும் நேராக அளந்திருக்கவும் மாட்டார்கள். 1972-இல் ஃபிரீட்வால்டும் ஃபிரெட்ரிக்சன் உள்ளிட்ட அவர் சகாக்களும் ஒரு கணக்கு கொடுத்தார்கள்: மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல். போட்டுப் பாருங்கள்: 198, அதில் 34 போனால் 164, அதில் 240-இன் ஐந்தில் ஒன்றான 48 போனால் 116. உங்கள் லேப் செய்தது இதுவே. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அதற்குக் கீழேயும் ட்ரைகிளிசரைடு ஏற ஏற நம்பகம் குறையும். ஆனால் நடுவில் வந்த அந்த 164-ஐப் பாருங்கள். மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்தது. அதற்கு நான்-எச்டிஎல் என்று பெயர். அப்போபி தாங்கிய எல்லா உருண்டைகளிலும் உள்ள கொலஸ்ட்ரால் அது. அதில் ஊகம் எதுவும் இல்லை, பட்டினிகூடத் தேவையில்லை, தனிச் செலவும் இல்லை. எல்டிஎல்லுக்கு எந்த இலக்கோ அதோடு 30 கூட்டினால் நான்-எச்டிஎல்லுக்கான இலக்கு என்பது நடைமுறை. எல்டிஎல் 100-க்குள் என்றால் இது 130-க்குள். நீங்கள் 164-இல் நிற்கிறீர்கள். எல்டிஎல் அளவோடு இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்காததற்குக் காரணம் இது. எத்தனையோ ரிப்போர்ட்டுகளில் இந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்க்காமல் போவதைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன்.

உங்கள் ரிப்போர்ட்டின் சாயல் நம் நாட்டில் அபூர்வமும் இல்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகியவற்றில் நடந்து 2014-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில், எல்டிஎல் அதிகம் உள்ளவர்கள் 11.8%. ட்ரைகிளிசரைடு அதிகம் 29.5%. எச்டிஎல் குறைவு 72.3%. எல்டிஎல் என்ற ஒரே எண்ணை மட்டும் பார்த்தால் நம்மில் பெரும்பாலோர் நலமாகவே தெரிவோம். ஆனால் நாற்பதுகளில் மாரடைப்பு வந்து படுத்தவர்களின் ரத்த மாதிரிகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன.

வண்டிகளின் எண்ணிக்கை ஏன் முக்கியம்? தமனியின் உட்சுவர் வழியாகச் சுமார் 70 நானோமீட்டருக்குக் குறைவான அப்போபி உருண்டைகள் உள்ளே போய் வரும். போவது எல்லாம் திரும்பி வருவதில்லை. அப்போபியில் நேர் மின்னூட்டம் உள்ள பகுதி, சுவருக்குள் எதிர் மின்னூட்டம் உள்ள புரோட்டியோகிளைகான் என்ற இழைகளில் ஒட்டிக்கொள்ளும். அப்போபியின் அந்த ஒட்டும் பகுதியை மட்டும் மாற்றிய சுண்டெலிகளுக்குத் தமனிப் படிவு குறைவாக வந்தது என்று 2002-இல் காட்டினார்கள். ஒட்டித் தங்கிய உருண்டை சிதையும், வெள்ளணுக்கள் வந்து விழுங்கும், விழுங்கிய கொலஸ்ட்ராலைக் கரைக்க முடியாமல் நுரை செல்லாகி அங்கேயே மடியும். வருடங்கள் போகப் போக அது படிவாகி, ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். புகையும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதை விரைவாக்கும். லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் நொதி பிறவியிலேயே இல்லாதவர்களின் ட்ரைகிளிசரைடு ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் அவர்களை வாட்டுவது பெரும்பாலும் கணைய அழற்சி. அவர்கள் ரத்தத்தில் நிறைந்திருக்கும் முழு கைலோமைக்ரான்கள் சுவருக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. ட்ரைகிளிசரைடு நேராகத் தமனியை அடைப்பதில்லை, அதைச் சுமந்து வந்து சுருங்கிய உருண்டைகள்தான் உள்ளே போகின்றன.

இனி, எச்டிஎல்லை ஏற்றினால் என்ன என்ற கேள்வி. இது நியாயமான கேள்வி, உலகமே இருபது வருடம் இதைக் கேட்டது. எச்டிஎல் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நடந்த நெடுங்கால இதய ஆய்வின் காலத்தில் இருந்தே திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. தமனியில் இருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக் கல்லீரலுக்குக் கொண்டுபோவது எச்டிஎல் என்பதும் பொய்யல்ல. ஆகவே பண்டமாற்றைத் தடுத்து எச்டிஎல்லை ஏற்றும் மருந்துகள் வந்தன. முதலில் டார்செட்ராபிப். சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையில் எச்டிஎல் 72% ஏறியது, எல்டிஎல் 25% இறங்கியது. 2006 டிசம்பரில் சோதனையை அவசரமாக நிறுத்த வேண்டி வந்தது. மருந்து எடுத்தவர்களில் 93 பேர் இறந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 59. அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும், உடலில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் ஏற்றியது. அது அந்த மருந்துக்கே உரிய தீங்கு. சரி என்று அடுத்தவற்றைப் பார்த்தார்கள். டால்செட்ராபிப் 2012-இலும் எவாசெட்ராபிப் 2015-இலும் பயனில்லை என்று நின்றன. அனாசெட்ராபிப் மட்டும் 2017-இல் சுமார் 30,000 பேரில் இதய நிகழ்வுகளை 9% குறைத்தது. எச்டிஎல் இரண்டு மடங்காகியும் பயன் 9%தான். அந்த 9%-உம் நான்-எச்டிஎல் எவ்வளவு இறங்கியதோ அதற்குச் சரியாகப் பொருந்தியது. எச்டிஎல் ஏற்றத்துக்கென்று தனியாக எதுவும் மிஞ்சவில்லை. எச்டிஎல்லை ஏற்றும் நியாசின் என்ற வைட்டமின் மருந்தும், ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்த இரண்டு பெரிய சோதனைகளில் கூடுதல் பயன் தரவில்லை.

பிறவியிலேயே எச்டிஎல் மாறியவர்களும் இதையே சொல்கிறார்கள். எச்டிஎல்லைக் கரைக்கும் எண்டோதீலியல் லைப்பேஸ் என்ற நொதியின் மரபணுவில் ஒரு மாறுபாட்டால் ஆயுள் முழுக்க எச்டிஎல் கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. மறுபக்கம், இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் லிமோனே என்ற ஊரில் சில குடும்பங்களுக்கு அப்போஏ-1 மாறுபட்டு எச்டிஎல் மிகக் குறைவு. அவர்களுக்குத் தமனி நோய் எதிர்பார்த்தபடி வரவில்லை. இதற்கு நேர்மாறாக, எல்டிஎல் ஏற்பிகளை அழிக்கும் பிசிஎஸ்கே-9 என்ற புரதத்தின் மரபணு பழுதாகி எல்டிஎல் ஏற்பிகள் கூடுதலாக உள்ளவர்களைப் பாருங்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் 2006-இல் வெளியான ஆய்வில் அவர்களின் எல்டிஎல் 28% குறைவு, இதய நோய் 88% குறைவு. வாழ்நாள் முழுக்க உருண்டைகள் குறைவாக இருந்ததன் பலன் அது.

ட்ரைகிளிசரைடைக் குறைத்தாலே போதுமா என்பதற்கும் விடை வந்துவிட்டது. 2022-இல் வெளியான பெமாஃபைப்ரேட் சோதனையில், சர்க்கரை நோயோடு உங்களைப் போலவே ட்ரைகிளிசரைடு ஏறி எச்டிஎல் இறங்கிய சுமார் 10,500 பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். ட்ரைகிளிசரைடு 26% இறங்கியது. மாரடைப்பு இறங்கவில்லை. அப்போபி சற்று ஏறியிருந்தது. சரக்கு வேகமாக இறங்கியது, வண்டிகள் குறையவில்லை. எனக்கு இந்த ஒரு சோதனை பல வருட வகுப்புகளுக்குச் சமம்.

இதுவரை சொன்னதில், அப்போபி உருண்டைகள் தமனி நோயை உண்டாக்குகின்றன என்பதும் அவற்றைக் குறைத்தால் நோய் குறைகிறது என்பதும் ஐயமற்றவை. மரபணு, மருந்துச் சோதனை, விலங்கு ஆய்வு, மக்கள் ஆய்வு நான்கும் ஒரே திசையில் நிற்கின்றன. இனிச் சொல்பவற்றில் அந்த உறுதி இல்லை. சிறுத்த எல்டிஎல், எண்ணிக்கைக்கு மேல் தன்னளவிலும் தனித் தீமை உடையதா என்பது முடிவாகவில்லை. எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்துவிட்டால் அளவு பெரிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை என்பதே என் வாசிப்பு. ஒரு பாதி கரைந்த விஎல்டிஎல் ஓர் எல்டிஎல்லைவிட அதிகத் தீங்கு செய்யுமா என்பதில் இப்போது சூடான விவாதம். எச்டிஎல்லின் அளவை விட்டு அதன் செயலை, அதாவது செல்லில் இருந்து எவ்வளவு கொலஸ்ட்ராலை எடுக்கிறது என்பதை அளந்தால் பயன் உண்டா என்ற ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் அந்தச் சோதனை நம் லேப்புகளுக்கு வரவில்லை. மீன் எண்ணெயில் இருந்து எடுத்த இபிஏ மருந்து 2018-இல் 25% பயன் காட்டியது; ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே அவர்களுக்குக் கெடுதல் செய்ததா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. இபிஏவும் மீன் எண்ணெயின் இன்னொரு கொழுப்பு அமிலமான டிஹெச்ஏவும் சேர்ந்த மருந்து 2020-இல் பயன் காட்டவில்லை. கடையில் கிடைக்கும் மீன் எண்ணெய் மாத்திரையை நம்பி ஸ்டாட்டினை நிறுத்தாதீர்கள்.

ஆக, உங்கள் டாக்டர் செய்தது சரியான பாதை. ஸ்டாட்டினால் உங்கள் எச்டிஎல் ஏறாது, ஏறினாலும் இரண்டு மூன்று புள்ளி. அடுத்த ரிப்போர்ட்டில் 34 அப்படியே இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். 164 எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் அப்போபி ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், பெரிய லேப்புகளில் கிடைக்கிறது. அதோடு எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரி), தைராய்டு, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளையும் டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலே ஏற்பிகள் குறைந்து எல்டிஎல் ஏறும். அதைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் கூட்டுவது தவறு. ட்ரைகிளிசரைடு நாளுக்கு நாள் நிறைய மாறும். முந்தின வாரம் கல்யாண வீடா, மது உண்டா என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மது கல்லீரலில் நேராகவே விஎல்டிஎல்லைக் கூட்டும்.

சாப்பாட்டில் உங்கள் உழைப்பை இடம் மாற்றிப் போடுங்கள். எண்ணெயை ஏற்கெனவே குறைத்துவிட்டீர்கள். இனிக் குறைய வேண்டியது சோற்றின் அளவும் சர்க்கரையும். பாதித் தட்டு காய், பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ நிறைய, சோறு கைப்பிடி அளவு என்று இரண்டு மாதம் இருந்து பாருங்கள். உடல் எடையில் 5 முதல் 10% குறைந்தால் ட்ரைகிளிசரைடு சுமார் 20% இறங்கும் என்பது பல ஆய்வுகளில் கண்டது. உழைக்கும் தசையில் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் கூடும், ஆகவே தினம் நடப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. தேங்காய் எண்ணெய் எச்டிஎல்லை ஏற்றுகிறது, ஆகவே நல்லது என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எச்டிஎல்லை ஏற்றுவது உண்மை. எல்டிஎல்லையும் ஏற்றுகிறது, அதைவிட அதிகமாக. மேலே படித்ததை வைத்து எந்தப் பாதி முக்கியம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

தம்பி விஷயம். கட்டாயம் பார்க்க வேண்டும். ஆண்களில் 55 வயதுக்கு முன் வந்த இதய நோய் குடும்ப ஆபத்தாகவே கணக்கிடப்படுகிறது, அப்பாவுக்கு 52. தம்பிக்குச் சாதாரண லிப்பிட் சோதனையோடு லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ஒன்றையும் சேர்த்து எடுங்கள், நீங்களும் எடுங்கள். எல்டிஎல் போன்ற ஓர் உருண்டையின் அப்போபியோடு இன்னொரு புரதம் கோத்துக்கொண்டது அது. 1963-இல் நார்வேயில் கோரே பெர்க் கண்டுபிடித்தார். உணவும் உடற்பயிற்சியும் அதை அநேகமாக அசைக்காது. அளவைத் தீர்மானிப்பது மரபணு. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்துக் கணக்கே மாறும், மற்ற எண்களை இன்னும் கறாராகக் குறைக்க வேண்டி வரும். இளம் வயதில் பைபாஸ் நடந்த குடும்பங்களில் சில சமயம் காரணம் இங்கே ஒளிந்திருக்கும், சாதாரண ரிப்போர்ட்டில் தெரியாது. அப்பா இருக்கிறார் என்றால் அவருக்கும் எடுங்கள். வாழ்நாளில் பெரிதாக மாறாத எண் என்பதால் ஆளுக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.